பெயரைச் சொல்லும்போது குரல் ஏன் இறங்குகிறது?

உன் பெயரைக் கேட்டால் ஒரு நொடி தயங்குகிறாயா? முழுப்பெயரை விழுங்கிவிட்டு, "குமார்னு கூப்பிடுங்க சார், போதும்" என்கிறாயா? விண்ணப்பத்தில் உன் பெயரைத் தப்பாக அடித்திருப்பதைப் பார்த்த பிறகும் "பரவாயில்ல மேடம்" என்று நகர்ந்துவிடுகிறாயா? அப்படியானால் உன்னோடு கொஞ்சம் பேச வேண்டும். நிமிர்ந்து உட்கார்.

பிச்சை, குப்பன், மண்ணாங்கட்டி, அமாவாசை, போதும்பொண்ணு, ரஷ்யா, லெனின். அப்பா ஆசை ஆசையாக வைத்த, மூச்சு வாங்கச் சொல்ல வேண்டிய தூய தமிழ்ப் பெயர். பதிவு செய்தவரின் அவசரத்தில் ஓர் எழுத்தைத் தொலைத்துவிட்ட பெயர். இப்படிப்பட்ட பெயரோடு வாழ்கிறவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அவர்களில் பலர் தங்கள் பெயரைத் தங்கள் வாயால் உரக்கச் சொல்லி வருஷக்கணக்காகிறது. இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இது எங்கே தொடங்குகிறது என்று உனக்கே தெரியும். ஜூன் மாதம், புது வகுப்பு, புது ஆசிரியர். பதிவேட்டைத் திறந்து வரிசையாகப் படித்துக்கொண்டு வருகிறார். உன் முறை வருவதற்கு இரண்டு பெயர் முன்பே உள்ளங்கை வியர்க்கிறது. உன் பெயரில் அவர் நிற்கிறார். கண்ணாடியைச் சரிசெய்கிறார். "இதென்னப்பா பேரு?" என்கிறார். வகுப்பே திரும்பிப் பார்க்கிறது. பின் பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு. நீ எழுந்து "உள்ளேன் ஐயா" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுகிறாய். அவர் தப்பாகப் படித்ததைத் திருத்தவில்லை. ‘என் பெயர் விஷயத்தில் நான் வாயைத் திறக்கக் கூடாது’ என்று அன்று உனக்கு நீயே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாய். வங்கியிலும் ரேஷன் கடையிலும் நேர்முகத் தேர்விலும் இன்றுவரை அந்தச் சட்டத்துக்குத்தான் கட்டுப்பட்டு நிற்கிறாய். அதைக் கிழித்துப் போடு! உன்னைச் சிறுமைப்படுத்துவது உன் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதைச் செய்வது உன் வாய்மூடல்தான்.

முதலில் உன் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள். பாட்டி உயிரோடு இருந்தால் இன்றைக்கே போய்க் கேள். பிறந்த பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணுக்குப் போன வீடுகளில், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் கிடத்தி எடுப்பார்கள். பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவார்கள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் நினைத்துக்கொள்ளட்டும், திரும்பிப் பார்க்காமல் போகட்டும் என்றுதான் குப்பன், குப்பம்மாள், பிச்சை, மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தார்கள். அம்மையும் காலராவும் ஊரைக் காலி செய்த காலத்தில், மருந்தும் மருத்துவரும் எட்டாத ஊரில், ஒரு தாயின் கையில் வேறு என்ன ஆயுதம் இருந்தது? பெற்றவள் அழுதுகொண்டே வைத்த பெயர் அது. அந்தப் பிள்ளை பிழைத்தது. பிழைத்தவர் உன் கொள்ளுத்தாத்தா. அவர் பிழைத்ததால்தான் நீ இருக்கிறாய், அவர் பெயரும் உன்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதைச் சொல்லவா உனக்கு வெட்கம்?

எழுத்தாளர் ந. பிச்சமூர்த்தியின் இயற்பெயர் வேங்கட மகாலிங்கம். முன்னால் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை என்று வீட்டில் பிச்சை என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரில்தான் அவர் எழுதினார். தமிழ்ப் புதுக்கவிதையின் முன்னோடி என்று இலக்கிய வரலாறு பேசுவது பிச்சமூர்த்தியைத்தான். வேங்கட மகாலிங்கம் என்று கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? 2015 முதல் கூகுளின் தலைமைச் செயல் அதிகாரியாக இருப்பவரின் பெயரிலும் அதே பிச்சை இருக்கிறது. உலகம் முழுக்க அந்தப் பெயரை மரியாதையோடு உச்சரிக்கிறார்கள்.

திருவல்லிக்கேணியில் ஓர் ஏழைக் கிரிக்கெட் பையன் இருந்தான், பெயர் சுந்தர். இரண்டு தெரு தள்ளி ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர், பி.டி. வாஷிங்டன். மெரினா மைதானத்தில் ஆட்டம் பார்க்க வருவார். அந்தப் பையனுக்குச் சீருடை வாங்கிக் கொடுத்தார், பள்ளிக் கட்டணம் கட்டினார், சைக்கிளில் உட்காரவைத்து மைதானத்துக்கு அழைத்துப் போனார். அவர் 1999-இல் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் சுந்தருக்கு மகன் பிறந்தான். வீட்டு வழக்கப்படி காதில் ஓதிய பெயர் வேறு. ஆனாலும் தன்னைக் கைதூக்கிவிட்டவரின் பெயரே மகனுக்கு இருக்கட்டும் என்று அந்தத் தந்தை முடிவு செய்தார். யோசித்துப் பார். இந்துக் குடும்பம், சென்னைக்காரப் பையன், பெயர் வாஷிங்டன். எத்தனை பேர் எத்தனை தடவை கேட்டிருப்பார்கள், இதென்ன பேர் என்று!

2021 ஜனவரி, பிரிஸ்பேன். காயங்களால் இந்திய அணியில் ஆளே இல்லாத நிலையில் வாஷிங்டன் சுந்தருக்கு முதல் டெஸ்ட் வாய்ப்பு வருகிறது. பந்துவீச்சில் முதல் பலி ஸ்டீவ் ஸ்மித். பேட்டைப் பிடித்து உள்ளே வரும்போது அணி 6 விக்கெட் இழந்து 186. ஷர்துல் தாக்குரோடு சேர்ந்து 123 ரன் சேர்த்தார், தன் கணக்கில் 62. 1988-க்குப் பிறகு அந்த மைதானத்தில் டெஸ்டில் தோற்றதே இல்லாத ஆஸ்திரேலியாவை ஜனவரி 19 அன்று இந்தியா வீழ்த்தியது. இன்றைக்கு அந்தப் பெயருக்குக் காரணம் கேட்கிறவர்களுக்கு ஒரு நன்றிக்கடனின் கதை கிடைக்கிறது. வேறு பெயர் வைத்திருந்தால் அந்த நல்ல மனிதரை இன்று யார் நினைத்திருப்பார்கள்?

கேலி செய்கிறவர்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2020 அக்டோபரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு தேர்தல் கூட்டம். துணை அதிபர் வேட்பாளர் கமலா ஹாரிஸின் பெயரைச் சொல்லத் தெரியாதவர்போல் நீட்டி முழக்கி, "கமலா மலா மலா" என்று ஏளனம் செய்தார் செனட்டர் டேவிட் பெர்டியூ. சென்னையில் பிறந்து அமெரிக்காவுக்குப் படிக்கப்போன சியாமளா கோபாலன் தன் மகளுக்கு வைத்த பெயர் அது. அடுத்த சில மணி நேரத்திலேயே, நாக்கில் புரளாத பெயர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் தங்கள் பெயரையும் அதன் பொருளையும் வெளிப்படையாக எழுதத் தொடங்கினார்கள். யாரும் தலையைக் குனிந்துகொண்டு போகவில்லை. 2021 ஜனவரி தேர்தலில் பெர்டியூ பதவியை இழந்தார். அதே மாதம் கமலா ஹாரிஸ் துணை அதிபராகப் பதவியேற்றார். உன் பெயரைச் சொல்ல ஒருவருக்கு நாக்கு வரவில்லை என்றால் அது அவருடைய நாக்கின் பிரச்சினை. சொல்லிக் கொடு. இரண்டு தடவை, மூன்று தடவை சொல்லிக் கொடு.

இனி எழுத்துப் பிழைக்கு வருகிறேன்.

கண்டிக்காரர், கிரிக்கெட் வீரர் முரளிதரனைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். தமிழில் அவர் பெயரில் சிக்கலே இல்லை. ஆங்கிலத்தில் ‘த’ வரும் இடத்தில் ‘டி-எச்’ (TH) போட்டு உலகமே எழுதிக்கொண்டிருந்தது. அவர் விரும்பியது வெறும் ‘டி’ (D). ஸ்கோர் போர்டிலும் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் ஆண்டுக்கணக்கில் அந்தப் பிழை ஓடியது. 1995 டிசம்பரில் மெல்போர்னில், எறிகிறார் என்று நடுவர் ஏழு தடவை ‘நோ பால்’ கொடுத்து அவமானப்படுத்திய காலத்திலும் ஸ்கோர் போர்டில் அதே எழுத்துதான். மனிதர் பந்தைக் கீழே வைக்கவில்லை. 2007-இல் ஆஸ்திரேலியா, இலங்கை டெஸ்ட் தொடருக்கு ஷேன் வார்ன் பெயரையும் இவர் பெயரையும் சேர்த்துக் கோப்பை வைத்தபோது, அவர் விரும்பிய ‘டி’ எழுத்தோடு பொறித்தார்கள். அதே ஆஸ்திரேலியாவில்! 2010 ஜூலை 22, இலங்கையின் காலி நகர மைதானம், 800-ஆவது டெஸ்ட் விக்கெட். இன்றைக்கும் பழைய எழுத்தில்தான் பலர் எழுதுகிறார்கள். அதனால் அந்த 800-இல் ஒன்றாவது குறைந்ததா?

இதைவிடப் பெரிய கதை கப்பலில் போனவர்களுடையது. 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள். நம் மொழியில் ஓர் எழுத்தும் அறியாத குமாஸ்தாக்கள் காதில் விழுந்ததைப் பேரேட்டில் எழுதினார்கள். கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார். முதலி ‘மூட்லி’ ஆனார். பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோன தீவுகளில் முத்துசாமி ‘மூத்துசாமி’ ஆகி அதுவே பரம்பரைப் பெயராகிவிட்டது. பேரேட்டில் எழுதியதுதான் பெயர், எழுதியவன்தான் எஜமான். திருத்தச் சொல்ல மொழியும் தெரியாது, உரிமையும் கிடையாது. இன்றைக்கு நீ நிற்கும் அலுவலகக் கவுண்டருக்கும் அவர்கள் நின்ற மேசைக்கும் எவ்வளவு தூரம் என்று நினைத்துப் பார்.

ஆனாலும் அவர்கள் பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவில் 1863-இல் ஒரு தமிழ்க் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர் ஹென்றி சிதாம்பரோம். சிதம்பரம் என்ற பெயர் பிரெஞ்சுப் பதிவேட்டில் சிதைந்து அப்படி ஆனது. அங்கே பிறந்த இந்தியர்களுக்கு ஓட்டுரிமை இல்லை, குடியுரிமை இல்லை. 1904-இல் போராட்டத்தைத் தொடங்கினார். 1923 வரை விடவில்லை, வென்றார். பெயர் சிதைந்ததால் அந்த மனிதரின் முதுகெலும்பு வளைந்ததா? டர்பனில் ஒரு பேருந்து ஓட்டுநரின் மகளாக 1941-இல் பிறந்தவர் நவநீதம் பிள்ளை. ஆங்கிலத்தில் அவர் பெயரை எழுதும் விதத்தைப் பார்த்தால் நம் ஊர் ஆசிரியர்கள் சிவப்பு மையில் வட்டம் போடுவார்கள். நிறவெறி ஆட்சியில், 1967-இல், நட்டால் மாகாணத்தில் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் திறந்த வெள்ளையரல்லாத முதல் பெண் அவர். 1995-இல் உயர் நீதிமன்ற நீதிபதி. 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையர்.

இவர்களுக்குத் திருத்திக்கொள்ளும் வசதி இல்லை, அதனால் சிதைந்த பெயரையே தங்கள் உழைப்பால் நிமிர்த்தினார்கள். உனக்கு வசதி இருக்கிறது. இருந்தும் வாய் மூடிக்கொண்டால் அதை என்னவென்று சொல்வது?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்னால் ஒரு நாள் வரும். தேர்வெழுதுவோர் பெயர்ப் பட்டியலை ஆசிரியர் வகுப்புக்கு எடுத்து வருவார். நாமினல் ரோல் என்பார்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்வார். மதியச் சாப்பாட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும். தாள் பெஞ்சு பெஞ்சாக நகரும். ஒரு பெண் பார்க்கிறாள். தமிழில் யாழினி என்று சரியாக இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘இசட்-எச்’ இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை ‘எல்’. ஆதாரில் இருப்பது வேறு. கை தூக்கலாமா என்று யோசிக்கிறாள். ஆசிரியர் ஏற்கெனவே இரண்டு பேரைத் திட்டியிருக்கிறார். பின்னால் இருப்பவள் "சீக்கிரம் போடுடி, சாப்பாட்டு மணி அடிக்கப் போவுது" என்கிறாள். பேனா இறங்குகிறது.

தங்கச்சி, அந்தக் கையெழுத்துக்கு நீ எவ்வளவு விலை கொடுக்கப் போகிறாய் என்று தெரியுமா? தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்தான் மற்ற எல்லாத் தாள்களுக்கும் தாய். பிளஸ் டூ அதைப் பார்த்து எழுதப்படும், கல்லூரி பிளஸ் டூவைப் பார்த்து எழுதும். பான் கார்டு ஒரு மாதிரி, வங்கிக் கணக்கு ஒரு மாதிரி, பாஸ்போர்ட் இன்னொரு மாதிரி. வேலையை விட்ட பிறகு பி.எஃப். பணம் கேட்டால், பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வரும். வெளிநாட்டு வேலைக்கு, இந்த இருவரும் ஒருவரே என்று வழக்கறிஞரிடம் பிரமாணப் பத்திரம் எழுதி வாங்க வேண்டும். உன் பணத்தை எடுக்க, நீதான் நீ என்று நிரூபிக்க, வரிசையில் நிற்க வேண்டும். அன்றைக்குக் கை தூக்கியிருந்தால்? ஒரு திட்டு. அவ்வளவுதான். திட்டை வாங்கிக்கொள், பெயரை விட்டுக்கொடுக்காதே!

இன்னொன்றும் உண்டு. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும், நம்மவர்கள் அதன் முன்னால் திணறி நிற்பார்கள். நமக்கு அது ஏன் இல்லை என்று தெரியுமா? 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் மாகாணச் சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த சாதிப் பட்டத்தை வெட்டி எறியத் தீர்மானம் போட்டார்கள். அந்த வழியில் வந்து, அப்பா பெயரின் முதல் எழுத்தோடு மட்டும் நிற்பவர்கள் நாம். அந்தக் கட்டம் காலியாக இருப்பது நம் வரலாறு. அதில் கூச ஒன்றுமில்லை. ஆனால் உலகத்தின் கணினிகளுக்கு அந்த வரலாறு தெரியாது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் ‘எஃப்.என்.யு.’ என்று அச்சடிப்பார்கள், முதற்பெயர் தெரியவில்லை என்று. மொட்டை போட்டு, காது குத்தி, ஊரைக் கூட்டி உனக்கு வைத்த பெயரைத் தெரியவில்லை என்கிறான்! 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் கொண்டவர்களுக்கு விசிட் விசாவில் நுழைவு கிடையாது என்று அறிவித்தது. தகப்பனார் பெயர் பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தியது. எனவே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே இனிஷியலை விரித்து, அப்பா அல்லது அம்மாவின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் முழுதாக எழுது. ஏஜென்ட் கையில் விட்டுவிட்டு வராதே. அவருக்கு நீ அன்றைக்கு வந்த பத்துப் பேரில் ஒருவர்.

இவ்வளவு சொன்ன பிறகும், சில பெயர்களை மாற்றத்தான் வேண்டும் என்பேன். திருத்தணிப் பக்கத்து ஊர்களில் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டால் ‘வேண்டாம்’ என்று பெயர் வைத்தார்கள், அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று. போதும்பொண்ணும் அப்படி வந்த பெயர்தான். குப்பம்மாளுக்கும் வேண்டாமுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறது. ஒன்று பிள்ளை பிழைக்க வேண்டுமென்று வைத்தது. இன்னொன்று பிறந்ததே பிழை என்று பிள்ளையின் முகத்தில் எழுதியது. இதைச் செய்தவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் வேண்டாதவள் என்று பொருள்படும் ‘நகுஷா’ என்ற பெயரும் இதே ரகம். 2011 அக்டோபரில் அங்கே 285 பெண் குழந்தைகளை ஒரே மேடையில் ஏற்றிப் புதுப்பெயர் சூட்டினார்கள். தங்களுக்குப் பிடித்த பெயரைத் தாங்களே தேர்ந்தெடுத்த சிறுமிகளும் அதில் உண்டு.

உன் பெயர் அப்படிப்பட்டதென்றால் முடிவு உன் கையில். அதே பெயரோடு போய், வேண்டாம் என்றவர்களே எழுந்து நின்று கைதட்டும்படி வாழ்வேன் என்றால், வாழ். மாற்றிக்கொள்வேன் என்றால், மாற்று. இரண்டிலும் கோழைத்தனம் இல்லை. அழுதுகொண்டே அப்படியே கிடப்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2021 ஜூன் 3 அன்று, சி.பி.எஸ்.இ. சான்றிதழ்களில் பெயர் திருத்தம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெயர் ஒருவருடைய அடையாளத்தின் பகுதி, அரசமைப்பின் 19-ஆம் பிரிவு தரும் கருத்துச் சுதந்திரத்துக்குள் அது அடங்கும் என்று. ஆகவே கவுண்டரில் நிற்கும்போது நீ யாரிடமும் தயவு கேட்கவில்லை, உன் உரிமையைக் கேட்கிறாய். குரலை இறக்காதே.

வேலையை இந்த வாரமே தொடங்கு. உன் பெயர் உள்ள எல்லாத் தாள்களையும் ஒரே மேசையில் பரப்பு. எதில் என்ன எழுத்து என்று ஒரு நோட்டில் எழுது. எந்த எழுத்து உன்னுடையது என்று நீ முடிவு செய், சோதிடரோ கடைக்காரரோ வேண்டாம். முழுப் பெயரையும் மாற்றுவதென்றால் அரசிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும், அந்தப் பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள். ஆதாரில் பெயரைத் திருத்த வாழ்நாளில் இரண்டு வாய்ப்புதான். அதனால் சான்றிதழைச் சரிசெய்த பிறகு ஆதாருக்குப் போ. வீட்டில் புதுக்குழந்தை இருந்தால், பிறப்புப் பதிவில் 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். 15 வயதுவரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். எழுத்துக்கூட்டலைத் தாளில் பெரிதாக எழுதி எடுத்துக்கொண்டு போ, வாயால் சொல்லிவிட்டு வராதே.

இ-சேவை மையத்தில் உன் முறை வரும்போது கணினித் திரையை உன் பக்கம் திருப்பச் சொல். அவர் முகம் சுளித்தாலும் கேள். ஒவ்வோர் எழுத்தாகப் படி. ஓர் எழுத்து தப்பென்றாலும், "நிறுத்துங்க சார், என் பேர் இது இல்ல" என்று பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொல். யாராவது சிரித்தால் திரும்பி அவர் முகத்தைப் பார்த்து உன் பெயரை இன்னொரு தடவை முழுதாகச் சொல். அச்செடுத்த தாளை அங்கேயே நின்று படித்துப் பார். ரசீது வாங்காமல் அந்த இடத்தைவிட்டு நகராதே.